எதிர்வீட்டு மணி

அச்சங்குளத்தில் நாகையா வீட்டுக் காலிங்பெல்லைப் பேய் அமுக்குகிறது என்று ஒரு பேச்சு. மழைமேகம் கூடினால் அந்தப் பேய்க்குக் கை ஓயாதாம். மணி அடிக்கும், நாகையா கதவைத் திறப்பார், வாசலில் ஈ காக்கை இருக்காது. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொள்வார். கண்ணால் பார்த்த சாட்சிகள் ஏழு பேர். விசாரித்ததில் ஏழு பேரும் அடுத்தவர் சொல்லித்தான் பார்த்திருந்தார்கள்.

பேய் சிவகாசியில் வாங்கியது. ஒரு வருட வாரண்டியோடு வந்தது. ஒயர் இல்லாத மணி. எதிர்வீட்டு மாரிசெல்வியும் அதே கடையில் அதே மணியை வாங்கியிருந்தாள். அங்கே சுவிட்சை அமுக்கினால் இங்கேயும் பாடும். பட்டாசுக் கம்பெனி வேனுக்கு ஆள் சேர்ப்பவள் அவள். மேகம் போட்டால் மின்னலுக்குப் பயந்து வெடிமருந்து வேலை நடக்காது. வேன் வருமா வராதா என்று கேட்டுத் தெருவே அவள் வாசலில் நிற்கும்.

இதெல்லாம் நாகையாவுக்கு இரண்டாம் நாளே தெரியும். முப்பது வருடம் மருந்து கலக்கும் அறையில் இருந்தவர். உள்ளே நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டு மேசையோரமும் ஒரு தகடு அடித்து, அதைத் தொட்டுவிட்டுத்தான் டிவி ரிமோட்டைக்கூடத் திறப்பார். கொசு பேட்டிலிருந்து மிக்ஸி வரை தெருவில் அவர் கை படாத சாமான் கிடையாது. இந்த மணியின் அலைவரிசையை மாற்றவோ ஒரு பொட்டு ஈயம் வைத்தால் போதும். எட்டு மாதமாக வைக்கவில்லை. பேரனைப் பார்க்கத் திருப்பூர் போன மனைவி ஞானசுந்தரி நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எதிர்வீட்டு மணியும் இல்லையென்றால் மனிதர் எதற்குத்தான் எழுந்து நடப்பது?

ஒரு நாள் காலையில் மாரிசெல்வி வந்தாள். மணியை அமுக்கவில்லை, தெருவிலிருந்தே கூப்பிட்டாள்.

“சித்தப்பா! ஒங்க வீட்ல பேயி மணி அடிக்குதாமே? வேனுக்கு நிக்கிற பிள்ளைக இந்தப் பக்கமே வர மாட்டேங்காளுக.”

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல தாயி. ஒன் வீட்டு மணிதான் இங்கனயும் கேக்குது. ரெண்டும் ஒரே மாடலு.”

“அப்பம் ஒங்க சுவிட்ச அமுக்குனா எங்க வீட்லயும்ல கேக்கணும்? ஒரு நாளுகூடக் கேட்டதில்லையே!”

நாகையா கீழே விழாத திருகாணி ஒன்றைத் தேட ஆரம்பித்தார். அதை அமுக்க ஆளே வருவதில்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. பேச்சை மாற்றினாள்.

“சரி பண்ணிருங்க சித்தப்பா. நீங்க பாக்காத ரிப்பேரா?”

“அஞ்சு நிமிச வேல. ஆனா சரியாயிருச்சான்னு பாக்க, வெளிய நின்னு ஒரு ஆளு அமுக்கணும்லா?”

“ஏன், நீங்களே அமுக்குனா அடிக்காதாக்கும்?”

“அமுக்குறவனே கேட்டா அது டெஸ்ட்டா?”

“அம்புட்டுத்தான? நான் வந்து அமுக்குறேன்.” வேன் ஹாரன் கேட்டது. ஓடிவிட்டாள்.

நாகையா தகட்டைத் தொட்டார். ஈயம் வைத்தார். மூடி, மாட்டி, சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுவாரம் மேகம் திரண்டது. எதிர்வாசலில் கூட்டம். இவர் வீட்டில் சத்தமே இல்லை. மணி அடிக்காமலே இரண்டு தடவை எழுந்தார்.

பேயை நாகையா கட்டிவிட்டார் என்று இப்போது பேச்சு. பயம் தெளிந்த பெண்கள் அவர் வாசல் சுவரிலேயே சாய்ந்து வேனுக்கு நிற்கிறார்கள், சுவிட்சுக்கு ஒரு சாண் தள்ளி. கடைசியாக ஏறும் மாரிசெல்வி தினமும் ஜன்னல் வழியே கையாட்டுகிறாள்.

“நாளைக்குக் கண்டிப்பா வந்து அமுக்குறேன் சித்தப்பா!”

“மறந்துறாத தாயி,” என்கிறார் இவர்.