வேம்பு போட்ட கையெழுத்து

சகாயசெல்வி வேலை பார்த்தது பெயிண்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிற கம்பெனியில். நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து கம்பெனி வேனில் போய்வருவாள். பதினோரு வருஷமாக ஒரே பிரஸ் மெஷின். ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவிந்தது. ஃபோர்மேன் தேவதாஸ் எல்லா மெஷினிலும் ஒரு பட்டனை அழுத்தி, அது எழும்பாதபடி டேப் சுற்றிவிட்டார். இனி ஒரு கை பட்டனில், ஒரு கை தகரத்தில். வேலை வேகமாக நடக்கும்.

"ஒரு வாரந்தாம்மா. அப்புறம் எடுத்துடுவேன்."

பொங்கல் போயும் டேப் அப்படியே இருந்தது. "பயமா இருக்குண்ணே" என்று ரெண்டு தடவை சொன்னாள். "பாத்துக்கலாம்" என்றார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மதியம், தகரம் ஒன்று அச்சில் கோணலாக மாட்டிக்கொண்டது. வலது கையை விட்டு இழுத்தாள். இடது கை பழக்க தோஷத்தில் பட்டனுக்குப் போய்விட்டது. மூன்று விரல் போயிற்று.

பக்கத்து மெஷினிலிருந்து ஓடிவந்தவள் வேம்பு. தவளக்குப்பத்துக்காரி. புருஷன் செத்து ரெண்டு பெண் குழந்தைகளோடு நின்றவளை மேனேஜரிடம் கூட்டிப்போய், சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்து வேலை வாங்கிக் கொடுத்தது சகாயசெல்விதான். வேம்பு தன் துப்பட்டாவால் கையைச் சுற்றினாள். வேனில் மடியில் சாய்த்துக்கொண்டாள். "செல்வியக்கா, என்னப் பாரு. கையப் பாக்காத" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் தேவதாஸ் காதருகே குனிந்தார். "கம்பெனியில ஆச்சுன்னா போலீஸு, கேஸுன்னு ஆப்பரேஷன் லேட்டாவும். வீட்டு கிரைண்டர்ல மாட்டிகிச்சுன்னு சொல்லிடு. மீதிய கம்பெனி பாத்துக்கும். நான் இருக்கேன்ல?"

அந்த வலியில் அவள் எதற்கும் தலையாட்டியிருப்பாள். ஆட்டினாள்.

ஆரம்பத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ரெண்டு முறை வந்தார். பிறகு போனை எடுப்பதை விட்டுவிட்டார். மே மாதம் கட்டுப் பிரித்து கம்பெனிக்குப் போனபோது, லிஸ்டில் பேர் இல்லை என்று வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினான்.

புருஷன் ரிச்சர்ட் அவளை ஆட்டோவில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனான். அதிகாரி விஜயராகவன் கம்பெனியிடம் விளக்கம் கேட்டார். வந்த பதிலை அவளிடமே நீட்டினார். சம்பவத்தன்று சகாயசெல்வி வேலைக்கே வரவில்லை, வீட்டில் மாவரைக்கும்போது கை சிக்கியது என்று இருந்தது. கீழே சாட்சிக் கையெழுத்து: ம. வேம்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தவளக்குப்பம் பஸ் ஏறினாள். யாரோ மிரட்டித்தான் வாங்கியிருப்பார்கள் என்று பஸ்ஸில் அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அப்படியென்றால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்துவைத்திருந்தாள்.

"உள்ள வாக்கா" என்றாள் வேம்பு, தரையைப் பார்த்தபடி.

"அன்னிக்கு நான் வேலைக்கி வரலியா வேம்பு?"

"எம் மடியிலதான படுத்துனு வந்த. எனக்குத் தெரியாதா?"

"மிரட்டுனாங்களா?"

"இல்லக்கா. சூப்பர்வைசரா போடுறேன்னாங்க. போட்டுட்டாங்க."

யோசித்துவைத்த ஆறுதல் இதற்குப் பொருந்தவில்லை. சகாயசெல்வி படியிறங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் விஜயராகவன் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வரவழைத்துப் பார்த்தார். காயத்திலிருந்து தகரத் துணுக்கும் மெஷின் கிரீஸும் எடுத்ததாக ஆப்பரேஷன் செய்த டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார்.

"மாவரைக்கிற கிரைண்டர்ல தகரம் ஏதும்மா?" என்றவர் பேனாவைத் திறந்தார். "சாட்சி பொய்னு எழுதுனா அந்தம்மா மேலயும் நடவடிக்கை வரும். எழுதட்டுமா?"

வேம்புவின் பெண்கள் ரெண்டு பேரும் சகாயசெல்வியைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதுங்க சார்."

வேலையில் ஏற்பட்ட விபத்துதான் என்று அக்டோபரில் முடிவானது. இ.எஸ்.ஐ. உதவித்தொகைக்கு வழி பிறந்தது. எல்லா மெஷினிலும் டேப்பைப் பிரித்தார்கள். கம்பெனி பழி முழுவதையும் தேவதாஸ் மேலும் வேம்பு மேலும் போட்டு ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டது. முதலாளி பேர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை.

சகாயசெல்வி இப்போது ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். ஒருநாள் வேம்பு போன் செய்தாள். செல்வி எடுத்தாள்.

"பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போறாங்களா?"

"போறாங்கக்கா. நான்..."

அதற்குமேல் கேட்க செல்விக்கு மனசு வரவில்லை. போனை வைத்துவிட்டாள்.