பிராந்திக்கு ஒரு பிரெஞ்சு, காப்பிக்கு ஒரு பிரெஞ்சு

குடித்தால் அந்நிய மொழி பேச வருமா என்று கேட்பவர்களிடம், வரும், யாருக்கும் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்பேன். எழுபதுகளின் கடைசியில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்த நாங்கள் இதைச் சோதித்தே பார்த்தோம். பிராந்தி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் தடையில்லாமல் பேசினேன். என்ன பேசினேன் என்று மறுநாள் நண்பர்களிடம் விசாரித்தால், அவர்களும் பிராந்தி போட்டிருந்தார்கள். காப்பி வேறு ரகம். மற்றவர்கள் பேசுவதெல்லாம் துல்லியமாகப் புரியும். நாம் வாயைத் திறந்தால் மட்டும், வினைச்சொற்கள் யார் முதலில் போவது என்று தகராறு செய்துகொண்டு தொண்டையிலேயே நின்றுவிடும்.

பிராந்திக் கட்சிக்கு எங்கள் பேட்டையான சாரத்தில் அசைக்க முடியாத சாட்சி ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய், என்றுதான் கூப்பிடும். போதையில்லாதபோது அவர் வாயில் ஒரு பிரெஞ்சுச் சொல் வராது. அணிவகுப்பில் எல்லோர் எதிரிலும் அவருடைய பிரெஞ்சை அப்படியே பேசிக்காட்டிச் சிரிக்கவைத்த சார்ஜன்ட் ஒருவன் நினைவுக்கு வந்துவிடுவானாம். குவார்ட்டர் உள்ளே போனதும் சார்ஜன்ட் வெளியே போய்விடுவான். பிரெஞ்சில் காரியம் இருப்பவர்கள் முதலில் குவார்ட்டர் வாங்கிக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போவார்கள்.

என் அக்கா ஒரு பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரரைக் கட்டிக்கொண்டு பிரான்ஸ் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் வேலை. அப்போது ஆப்பிரிக்காவில் எங்கோ இருந்தார். அங்கிருந்து தந்தி அடித்திருந்தார். அக்காவுக்கு ஆபரேஷன், நிலைமை மோசம், ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள் என்று நம்பரும் கொடுத்திருந்தார்.

காலையிலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் டிரங்க் கால் பதிவு செய்தோம். அப்பா, நான், சொல்தா. பன்னிரண்டு மணிக்குள் லைன் கிடைக்கும் என்றார்கள். அப்பா சொல்தாவுக்குப் பிராந்தியும் எனக்குக் காப்பியும் வாங்கினார். பேச அவர், புரிந்துகொள்ளத் துணைக்கு நான். அப்பாவின் ஏற்பாட்டில் குறையே இல்லை, லைனைத் தவிர.

பன்னிரண்டு ஆயிற்று. லைன் வரவில்லை.

அப்பா மில்லில் பாய்லர் பார்த்தவர். அழுத்தம் குறையவும் கூடாது, ஏறவும் கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. சொல்தாவையும் அப்படியே கவனித்தார். வராந்தா ஓரத்தில் உட்காரவைத்து, முகத்தை உற்றுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

"போதும்பா, இப்ப சரியா இருக்குது," என்றார் சொல்தா.

"எங்க, கொஞ்சம் பேசிக் காட்டு."

சொல்தா வாசல் காவலாளியிடம் பிரெஞ்சில் பேசினார். காவலாளி பயந்துபோய் எழுந்து நின்றான்.

"நல்லாத்தான் கீது," என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ இன்னொரு காப்பி குடிச்சிட்டு வா. தூங்கிடாத."

ஒரு மணிக்கு அழுத்தம் குறைந்தது போலிருந்தது, ஊற்றினார். இரண்டு மணிக்கும் ஊற்றினார். இரண்டரைக்குச் சொல்தா பட்டாளத்துப் பாட்டு ஒன்றைப் பாடினார். மூன்று மணிக்கு பெஞ்சில் சாய்ந்தார். அவர் குறட்டை விட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"சொல்தா! ஏய் சொல்தா! லைன் வந்துட்ச்சுப்பா!" அப்பா உலுக்கினார். தலை மட்டும் ஆடியது. "நீ போடா, நீயாவது போ!"

டெலிபோன் கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தேன். பேசத்தான் செய்தேன். அக்காவின் பெயர், என் சகோதரி, இந்தியா. அதற்கு மேல் வரவில்லை. மறுமுனையில் ஒரு பெண் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அந்நியனுக்குச் சொல்கிறோம் என்று தெரிந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவ்வளவு நல்ல உச்சரிப்பை எங்கள் வகுப்பில்கூட நான் கேட்டதில்லை. ஒரு சொல்கூடத் தவறாமல் புரிந்தது. நான்கு காப்பி குடித்திருந்தேன்.

வெளியே வந்தேன்.

"இன்னா சொல்றாங்க?"

சொன்னேன். விடியற்காலையில் போய்விட்டாள் என்று, தமிழில்.

அப்பா என்னையே பார்த்தார். "உனக்குச் சரியாப் புரிஞ்சிருக்காது."

"புரிஞ்சுதுப்பா."

"மாலை கிளாசுல ரெண்டு வருசம் படிச்சா எல்லாம் தெரிஞ்சிடுமா? பட்டாளத்துல இருந்தவரு எழுந்திரிக்கட்டும். இன்னொரு கால் போடலாம்."

பிரெஞ்சு எனக்குச் சரியாக வராது என்பதை என் ஆசிரியர் பல முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் போல அதை நம்ப நான் ஆசைப்பட்டதில்லை.

அப்பா சொல்தாவின் முகத்தில் தண்ணீர் தெளித்தார். தலையைத் தூக்கிப் பிடித்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை டம்ளரில் சரித்து வாயில் ஊற்றினார். சொல்தா கண் திறந்து, என் முகத்தைப் பார்த்து, பிரெஞ்சில் என்ன ஆயிற்று என்று கேட்டார். நானும் பிரெஞ்சிலேயே சொன்னேன். இரண்டே வாக்கியம். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

அவர் ஏதோ சொன்னார். நீளமாக, மெதுவாக, பாதிரியார் பேசுவது போல.

"பாத்தியா, எவ்ளோ அழகாப் பேசறாரு," என்றார் அப்பா. "இன்னா சொல்றாரு? நல்லாருக்காளாமா?"

சொல்தா எழ முயன்றார், கால் நிற்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அப்பாவின் கையில் இருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"வா, வூட்டுக்குப் போலாம்," என்றார், தமிழில்.