சனிக்கிழமைச் சப்பாத்தி

இன்று மாலை டத்தோ கிராமாட்டில் நாகலிங்கம் ஐயா வீட்டுக்குப் போனேன். கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. என் ஆய்வில் கடைசி ஆள்.

கோதுமைப் புரதம் வயதானவர்கள் உடலில் எவ்வளவு தங்குகிறது என்று அளக்கிறேன். வாரம் முழுக்க நான் எடைபோட்டுத் தரும் சப்பாத்தியை மட்டுமே அவர் சாப்பிட வேண்டும். வெளியேறுவதைக் கணக்கிட, சிறுநீர் முழுவதையும் போத்தலில் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த வாரம் வீண். ஆய்வேட்டை முடிக்க எனக்கு வேறு வாரம் இல்லை.

போத்தலை நீட்டினார். "ஒரு சொட்டுகூட வெளிய போகல தம்பி."

நேற்றைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சுத்தமாகக் காலி. மூச்சு வந்தது.

"நேத்து கோயில்ல கூட்டமா ஐயா?" சும்மாதான் கேட்டேன்.

"புரட்டாசி சனியாச்சே, சரியான கூட்டம். விரதம் வேற. நாள் முழுக்க வெறும் தண்ணிதான்."

போத்தலை மூடிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்ப சப்பாத்தி?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "நான்தான் தின்னேன். மிச்சமே வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உப்பே இல்லலா தம்பி. உங்களுக்காகத்தான் முழுங்கினேன்."

ஐயாவின் முகம் சிறுத்துவிட்டது.

"உங்க படிப்பு கெட்டுப்போச்சா தம்பி?"

"பாத்துக்கலாம் ஐயா" என்றேன். பொய்.

நாளைக் காலை பேராசிரியர் முன்னால் நிற்க வேண்டும். மனைவி சாப்பிட்ட புரதத்தைக் கணவரின் போத்தலில் கண்டுபிடிக்கும் வழி இந்த மின்மடல் குழுவில் யாருக்காவது தெரிந்தால், இன்றைக்கே பதில் எழுதுங்கள்.