மொரீஷியஸ்காரருக்குத் தமிழ் தெரியாது

பிச்சைக்கு முன்னால் பிறந்த மூன்று ஆண் குழந்தைகளும் தங்கவில்லை. இவன் பிறந்ததும் தாய் அமிர்தம் இவனை ஒரு பழைய முறத்தில் போட்டுக் கோயில் வாசலில் வைத்து, யாரோ பெற்ற பிள்ளையைப் பிச்சையாக வாங்குவதுபோல முந்தானையில் ஏந்திக்கொண்டாள். எமன் ஏமாந்துபோவான் என்று ஒரு நம்பிக்கை. எமன் ஏமாந்தான். பெயர் நின்றுவிட்டது.

துறையூருக்கு மேற்கே இருந்த அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, "பிச்சை" என்றதும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "சில்லறை இல்ல, அடுத்த வீடு பாரு" என்பான். வகுப்பே சிரிக்கும். பிச்சை எழுந்து நின்று கையை மட்டும் தூக்கிக் காட்டுவான். வாயைத் திறந்தால்தானே அடுத்த சிரிப்பு என்று அப்போதே கற்றுக்கொண்டான்.

திருச்சிக்கு வந்து இரண்டு வருஷம் கேட்டரிங் படித்தான். ஒரு ஹோட்டலில் சாலட் வெட்டும் வேலை கிடைத்தது. ஓய்வு நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் காயிலும் பழத்திலும் உருவம் செதுக்கப் பழகினான். கேரட்டில் மீன், பப்பாளியில் கிளி, பீட்ரூட்டில் ரோஜா. கடைசியாகத் தர்பூசணியில் மனித முகம். பச்சைத் தோலை விட்டுவைத்தால் தலைமுடி. தோலைச் சீவி வெள்ளையோடு நிறுத்தினால் வெளிச்சம் விழும் கன்னம். இன்னும் ஆழமாகப் போனால் சிவப்பு, அதாவது நிழல். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நாற்பது ஐம்பது பழங்களை வீணாக்கிக் கண்டுபிடித்தான்.

ஜெய்சங்கர் என்ற கேட்டரிங் கான்ட்ராக்டரிடம் லீவு நாட்களில் வேலைக்குப் போவான். ஒரு வைகாசி முகூர்த்தத்தில், தென்னூரில் நடந்த ரிசப்ஷனுக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய செஃப் வரவில்லை. 'வெளிநாட்டு செஃப்பின் லைவ் கார்விங்' என்று போர்டு வைத்தாகிவிட்டது. ஜெய்சங்கர் ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துப் பிச்சைக்கு மாட்டிவிட்டார்.

பெண்ணின் மாமா வந்து, "இவர் எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"மொரீஷியஸ்ங்க."

"பாத்தா நம்ம ஆளு மாதிரியே இருக்காரே?"

"அங்க இருக்கிறவங்கல்லாம் நம்ம பக்கத்துலேந்து அந்தக் காலத்துல போனவங்கதான். ஆனா தமிழ் சுத்தமா தெரியாது." இதைச் சொல்லும்போது ஜெய்சங்கர் பிச்சையைப் பார்த்தார். பிச்சை வாயை மூடிக்கொண்டான்.

அன்று மாலை மூன்று மணி நேரம் அவனைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒருவரும் அவன் பெயரைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் பெயரை அவனே தேர்ந்தெடுத்தான். வெளிநாட்டு பிஸ்கட் டப்பா ஒன்றின் பின்பக்கம் 'ஆந்த்ரே' என்று இருந்தது. பிடித்துப்போயிற்று. தலைமுடியை வளர்த்துப் பின்னால் முடிந்துகொண்டான். இடது காதில் ஒரு கடுக்கன், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. மேஜைக்கு வருமுன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பது, தர்பூசணியை ஒற்றைக் கையில் சுழற்றுவது, கத்தியை மேலே எறிந்து பிடிப்பது எல்லாம் ஆந்த்ரேயின் பழக்கங்கள். ஆந்த்ரே தோளை நிமிர்த்தி நடப்பான். சத்தமில்லாமல் சிரிப்பான். யாருடைய கண்ணையும் நேராகப் பார்ப்பான். பிச்சைக்கு இதில் ஒன்றும் வராது. கோட்டுக்குள் நுழைந்தால் எல்லாம் வந்தது.

ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு அவன் இதையே பிழைப்பாக்கிக்கொண்டான். திருச்சி, மணப்பாறை, பெரம்பலூர் என்று கல்யாண சீசனில் ஓய்வே கிடையாது. பந்தியில் பரிமாறும் ஆட்கள் ஊருக்கு ஊர் மாறுவார்கள், அவர்களுக்கும் உண்மை தெரியக்கூடாது என்று ஜெய்சங்கர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் கூடவே வேலை பார்க்கிறவர்களோடும் பேச்சில்லை. அவனுக்கு இலை போடும்போது ஒவ்வொன்றையும் காட்டி, "சாம்பார்... இது ரசம்..." என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்வார்கள். அவனும் முதல்முறை பார்ப்பவன்போலத் தலையாட்டுவான். தென்னூரில் மாடியில் ஒற்றை அறை. சில நாட்களில் அவன் வாயிலிருந்து வரும் மொத்தத் தமிழும், காந்தி மார்க்கெட்டில் பழத்தைத் தட்டிப் பார்க்கும்போது பேசும் நாலு வார்த்தைதான்.

தமிழ் தெரியாதவன் முன்னால் ஆட்கள் எதையும் பேசுவார்கள். தாயை யார் வைத்துக்கொள்வது என்று அக்கா தங்கை இருவர் அவன் மேஜையருகே நின்றபடி ஆறு மாதம் ஆறு மாதமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு மணப்பெண் தர்பூசணியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்ல" என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனாள். அவன் "மெர்சி" என்றான். பிரெஞ்சில் 'நன்றி'. அந்த மொழியில் அவனுக்குத் தெரிந்த ஆறேழு வார்த்தைகளில் அது ஒன்று.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஜெய்சங்கர் நிரந்தரமாகச் சமையல் எடுத்திருந்த ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அங்கே மேனேஜராக மணிமேகலை இருந்தாள். நாற்பதைத் தொட்டவள். அவளுடைய அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது படுக்கையில். இருவரும் திருவானைக்கோவிலில் வாடகை வீட்டில் இருந்தார்கள்.

முகம் செதுக்க நாலு மணி நேரமாகும். மதியம் இரண்டு மணிக்கே பந்திக் கூடத்துக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில் அவன் உட்கார்ந்துவிடுவான். மூன்று மணிக்கு மணிமேகலை இரண்டு டம்ளர் காபியோடு வருவாள். முதல் நாள் "காபி" என்று சைகை காட்டினாள். இரண்டாவது தடவை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காலைலேந்து நின்னு நின்னு முட்டி போச்சு. உங்ககிட்ட சொன்னா உங்களுக்கு என்ன புரியப்போகுது, குடிங்க" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வந்து உட்கார்ந்து பேசினாள். அப்பாவுக்கு டயபர் மாற்றுவது, மண்டபத்து முதலாளியின் மருமகள் சாவிக்கொத்தைக் கேட்டு அதட்டுவது, குழம்புக்குக் காய் நறுக்கும்போது திடீரென்று அழுகை வருவது. அவன் செதுக்கிக்கொண்டே இருப்பான். சில சமயம் தலை நிமிர்ந்து பார்ப்பான். கிளம்பும்போது ஒரு பீட்ரூட் ரோஜாவைக் கொடுப்பான். அவள் அதை ஆபீஸ் மேஜையில் தண்ணீர் டம்ளரில் போட்டுவைப்பாள்.

ஒரு ஆவணி மாதத்தில் அவள் தாலிச் சரட்டை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"இது இருக்குல்ல, நானே வாங்கிப் போட்டுக்கிட்டதுங்க. அவரு கட்டினதை அவரே கழட்டி வாங்கிட்டுப் போயிட்டாரு. கல்யாணமாகிப் பதினோராவது மாசம். இப்ப ஓசூர்ல வேற குடும்பம். இங்க எல்லார்கிட்டயும் மஸ்கட்ல இருக்காருன்னு சொல்லிருக்கேன். ஒம்பது வருஷமா மஸ்கட்தான். அங்க வெயில் ஜாஸ்தின்னு சொல்வேன், லீவு குடுக்க மாட்டேங்குறாங்கன்னு சொல்வேன். தீபாவளிக்குப் புடவை அனுப்பிச்சாருன்னு நானே ஒண்ணு எடுத்துக் கட்டிக்குவேன். மஸ்கட் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிச்சையின் கத்தி வழுக்கியது. மாப்பிள்ளையின் மூக்கு மேஜையில் விழுந்தது. வேறு பழம் எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதாயிற்று.

அன்றைக்கு அறைக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று, "மேடம், எனக்குத் தமிழ் தெரியும்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். குரல் யாருடையதோ போலிருந்தது. சொல்லிவிடத்தான் வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பான். சொன்னால் மூன்று மணிக்குக் காபி வராது. ஒருவர் தன்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்காருவது அவனுக்கு அந்த ஒரு இடத்தில்தான் நடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் சொல்லாமலே ஓடிவிட்டது.

தை மாதம் ஒரு நாள், செல்போனைப் பையில் வைக்காமல் மேஜையிலேயே வைத்திருந்தான். அம்மாவுக்கு இரண்டு நாளாகத் தலைசுற்றல் என்று அக்கா காளியாயி சொல்லியிருந்தாள். மணிமேகலை எதிரே உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அவன் யோசிக்கவே இல்லை.

"சொல்லுக்கா."

"அம்மா கொல்லையில விழுந்துருச்சுடா தம்பி. இடுப்பெலும்பு போச்சுங்கிறாங்க. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

"அம்மாவுக்கு நெனவு இருக்கா? நீ அழாத. பணத்த நெனச்சுக் கவலப்படாத. நான் இப்பவே கெளம்புறேன், சத்திரம் பஸ் ஸ்டாண்டு போயி துறையூர் பஸ் ஏறிடுறேன்."

போனை வைத்தபிறகுதான் எதிரே பார்த்தான். மணிமேகலை காபி டம்ளரைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கதவைத் தாழ்ப்பாள் போட மறந்து குளித்துக்கொண்டிருந்தவள், யாரோ நிற்பதைப் பார்த்ததுபோல ஒரு பார்வை. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அம்மா அமிர்தத்துக்கு ஆபரேஷன் நடந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தான். மகன் ஹோட்டலில் சமைக்கிறான் என்றுதான் அவளுக்குத் தெரியும். "முடிய வெட்டேண்டா பிச்ச" என்று மட்டும் சொன்னாள். திரும்பியதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சலூனில் முடியை வெட்டிக்கொண்டு, நேராக ஸ்ரீரங்கம் போனான்.

மணிமேகலை ஆபீஸில் ரசீதுப் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" தலை நிமிராமல் கேட்டாள்.

"தேவலைங்க. வாக்கர் வச்சு நடக்குறாங்க. மேடம், நான் ஏமாத்தணும்னு..."

"நான் சொன்னது எல்லாம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"மஸ்கட்டும்?"

"ஆமாங்க. யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"உங்க பேரு என்ன?"

"பிச்சை."

அவள் நிமிர்ந்தாள். கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தாள். அவன் முறத்தின் கதையைச் சொன்னான். தன் பெயர்க் காரணத்தை அவன் வாய் திறந்து சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் முழுவதும் கேட்டாள்.

"நல்ல பேருதான். ஆனா நான் பேசினது அந்த மொரீஷியஸ்காரர்கிட்டங்க. உங்ககிட்ட இல்ல. உங்கள எனக்குத் தெரியாது" என்றாள்.

பிச்சை வெளியே வந்தான்.

ஜெய்சங்கரிடம் இனி ஆந்த்ரேயாக நிற்கமுடியாது என்று சொன்னபோது, பெரிய சண்டை வரும் என்று பயந்திருந்தான். அவர் பல் குத்திக்கொண்டே, "விடு. மொரீஷியஸ் எல்லாம் இப்ப யாருக்கு வேணும்? கொரியாவா, ஜப்பானான்னு கேக்குறாங்க" என்றார்.

"அப்ப போர்டுல என் பேரைப் போடுங்கண்ணே."

"ஏம்ப்பா, கல்யாண வாசல்ல 'பிச்சை'ன்னு எழுதி வச்சா பொண்ணு வீட்டுக்காரன் என்னை உள்ள விடுவானா?"

கடைசியில் பெயரே இல்லாமல் 'லைவ் கார்விங்' என்று மட்டும் போர்டு வந்தது. பிச்சை அதன் பின்னால் நின்று, இரு தோள்களும் சற்றுக் கூனி, செதுக்கினான். யாராவது கேட்டால், "துறையூர் பக்கங்க" என்றான். கேட்டவர்கள் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். கத்தியை எறிந்து பிடிக்க ஓரிரு தடவை முயன்றான். கத்தி கீழே விழுந்தது, விட்டுவிட்டான். முகங்கள் மட்டும் முன்னைவிட நன்றாக வந்தன. ஆனால் முன்னைப்போல யாரும் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையும் பேசுவதில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஸ்ரீரங்கம் மண்டபத்தில் மூன்று மணிக்குக் காபியை வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த வருஷம் மாசியில் அந்த வாட்ச்மேன்தான், மேனேஜர் அம்மாவின் அப்பா காலமாகிவிட்டதாகப் போனில் சொன்னார். பிச்சை காலையிலேயே ஒரு மாலை வாங்கிக்கொண்டு திருவானைக்கோவிலுக்குப் போனான். தெருவில் ஷாமியானா போட்டிருந்தது. மாலையைச் சாத்திவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர் யாரென்று கேட்டதற்கு, "பிச்சைங்க. மண்டபத்துல வேலை பாக்குறேன்" என்றான்.

மணிமேகலை வாசல்படியில் பெண்கள் நடுவே இருந்தாள். அவனைப் பார்த்தாள். லேசாகத் தலையசைத்தாள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி, பக்கத்திலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளை வரலையாம்மா? மாமனாருக்குக் கொள்ளி போட வேற யாரு இருக்கா?" என்றாள்.

பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். மணிமேகலையின் பார்வை ஒரு கணம் பிச்சையிடம் வந்தது. கெஞ்சலா பயமா என்று சொல்லமுடியாது.

"டிக்கெட் கிடைக்கலையாம்க்கா. நைட்டெல்லாம் போன்ல அழுதாரு" என்றாள். அழுது கம்மிய குரலில் அது உண்மைபோலவே இருந்தது.

"பாவம், அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு அவரு என்ன செய்வாரு" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். பிச்சை தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணிமேகலையின் சித்தப்பா மகன் சித்தார்த்தன் கொள்ளிச்சட்டியை ஏந்தி முன்னால் நடந்தான். பிச்சை தெரு முனை வரைக்கும் போய், ஓயாமாரி சுடுகாட்டுக்குப் போகும் ஆண்களோடு வேனில் ஏறினான். எல்லாம் முடிந்து, காவிரியில் குளித்து, ஈர வேட்டியோடு படித்துறையில் உட்கார்ந்தான். கூட வந்தவர்கள் வழக்கப்படி துக்க வீட்டுக்குத் திரும்பிப் போய், அங்கே ஏற்றிவைத்திருக்கும் விளக்கைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினார்கள். ஒருவர், "வாங்களேன் தம்பி, விளக்கைப் பார்த்துட்டுப் போயிடுங்க" என்று கூப்பிட்டார்.

"இல்லைங்க, மதியம் வேலை இருக்கு" என்றான்.

வேலை ஒன்றும் இல்லை. மாசியில் அன்று முகூர்த்த நாள் கிடையாது. வேட்டி காயும் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு நடந்தான். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அவனும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.