போலித் தேனீ தேடி: வைகை மணல், கப்பலூர் கரிசல், திருவாதவூர் வரப்பு

போன ஆனி மாதத்திலும் ஆடித் தொடக்கத்திலுமாக மூன்று இடங்களுக்குப் போய்வந்தேன். போனது ஈ பார்க்க. வாசகசாலையில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நாலு பேர் பிறகு தனித்தனியாக வந்து எப்படிப் போவது, எந்த நேரத்தில் போனால் பார்க்கலாம் என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் நம் கையெழுத்துப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன். நான் எழுதப் பழகி ஒரு வருஷம்தான் ஆகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடுகிறது. ஆகவே தேவையானதை மட்டும் எழுதுவேன்.

நான் ஒரு கல்லூரியின் பூச்சி அறையில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலையில் இருக்கிறேன். அங்கே உள்ள வாத்தியார் ஐயா ஒரு வகை ஈயைப் பற்றிப் பட்டியல் எடுக்கிறார். பார்த்தால் தேனீ என்றே சொல்லுவீர்கள். உடம்பெல்லாம் ரோமம், பொன் நிறம், சிலதுக்கு ஊசி போல நீண்ட மூக்கு. ஆனால் கொட்டாது, கூடு கட்டாது. தேனீக்கு நாலு இறக்கை, இதற்கு இரண்டுதான். ஊரில் இதற்குப் பேர் இல்லாததால் நாங்கள் போலித் தேனீ என்று வைத்துக்கொண்டோம். மதுரையைச் சுற்றி எந்த மண்ணில் எந்தப் போலித் தேனீ இருக்கிறது என்பதுதான் பட்டியல். ஐயாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. “பெரியவரே, நீங்களே போய்வந்துவிடுங்கள். பிடித்த இடத்திலேயே சீட்டு எழுதிவிட வேண்டும்” என்று வலையைக் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முதலில் வைகை. செல்லூரில் என் வீட்டிலிருந்து அரை மைல் நடை, செலவு கிடையாது. காலை ஏழரைக்குப் போனால் போதும். வெயில் ஏறி மணல் சுட ஆரம்பித்த பிறகுதான் இந்த ஈ வெளியே வரும். ஆனியில் ஆறு வறண்டு கிடந்தது. மணலில் ஒரு வகை உட்கார்ந்திருந்தது, கட்டைவிரல் நகத்தளவு. அதன் இறக்கை ஓரம் தீய்ந்த காகிதம் மாதிரி கறுப்பும் பழுப்புமாக இருக்கும். கிட்டே போனால் எழும்பி, இரண்டு முழம் தள்ளி, மறுபடியும் உட்காரும். இன்னொரு வகை சாம்பல் நிறம், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. கரையில் இடிந்த மண் சுவர் ஒன்று இருக்கிறது. அதில் குளவிகள் வைத்திருந்த பொந்துகளுக்கு முன்னால் முழுக் கறுப்பாக ஒன்று அந்தரத்தில் அப்படியே நின்றது. இறக்கை அடிப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, மணலில் ஊற்றுத் தோண்டித் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“என்ன பெருசு, ஈயைப் பிடிச்சுக் குழம்பு வைக்கப் போறீகளா?”

“சும்மா பாக்குறேன்ப்பா.”

“பாத்துக்கங்க, பாத்துக்கங்க. ரேஷன் கடையில அரிசி வார அழகுக்கு, அடுத்த மாசம் இதையும் அளந்து போட்டாலும் போடுவாக.”

சாயங்காலம் மூன்று வகையையும் ஐயாவிடம் காட்டினேன். அவர் ஒன்று சொன்னார், அதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஈக்கள் அத்தனையும் வேறு பூச்சியின் பிள்ளையைத் தின்றுதான் வளருகின்றன. கறுப்பு ஈ குளவிப் பொந்தில் முட்டையை எறியும். அதிலிருந்து வரும் புழு குளவிக் குஞ்சைத் தின்னும். “எது எதைத் தின்கிறது என்பது பாதிக்குமேல் இன்னும் நமக்குத் தெரியாது” என்றார்.

இரண்டாவது கப்பலூர். திருமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறி வழியில் இறங்க வேண்டும். எட்டு மைல், கட்டணம் இரண்டு அணா. காலை ஆறரைக்கு ஏறினேன், இறங்கும்போது எட்டே முக்கால். சண்டை வந்ததிலிருந்து பெட்ரோல் இல்லாமல் கரி வண்டிதான் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மேட்டில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறிக்கொண்டே, “ஆம்பளைக எல்லாம் எறங்குங்கண்ணே, தள்ளுனாத்தான் போகும்” என்றார். “டிக்கெட்டும் குடுத்து வண்டியும் தள்ளணுமாக்கும்?” என்று ஒருவர் கேட்டார். “தள்ளாம உக்காந்திருந்தா அதுக்குத் தனி டிக்கெட்டுண்ணே” என்றார் டிரைவர். தள்ளினோம். வேட்டி முழுக்கக் கரி. போகிறவர்கள் பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள்.

கப்பலூரில் கரிசல் மண். வரப்பு ஓரத்துத் தும்பைப் பூவில் பொன் ரோமப் போலித் தேனீ ஒன்று கிடைத்தது. கூட்டம் புரட்டாசியில்தான் வரும், இது முந்தி வந்துவிட்ட ஒன்று. இதே ஈயைப் போன வருஷம் என் மகள் ஊரில் கூட்டமாகப் பார்த்திருக்கிறேன். வரப்பைத் தோண்டிப் பார்க்கும்படி ஐயா சொல்லியிருந்தார். வெட்டுக்கிளி புரட்டாசி, ஐப்பசியில் வரப்பு மண்ணுக்குள் முட்டை வைக்கும். நிலக்கடலை மாதிரி ஒரு கூடு, உள்ளே அரிசி போல மஞ்சள் முட்டைகள். அடுத்த ஆடி மழை வரை அப்படியே கிடந்து, ஈரம் பட்டதும் பொரியும். பத்துக் கூடு எடுத்தேன். மூன்றில் முட்டை இருந்தது. ஏழில் முட்டை இல்லை, வெறும் தோலும் ஒரு கொழுத்த வெள்ளைப் புழுவும். சிலதில் புழு ஏற்கெனவே கூட்டுப்புழுவாகியிருந்தது. அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “எங்க பக்கம் வெட்டுக்கிளி அம்புட்டுத் தொந்தரவு இல்லய்யா. ஏன்னு தெரியல” என்றார்.

கூடுகளை மண்ணோடு சிகரெட் டப்பாவில் போட்டு எடுத்துவந்தேன். நாலாம் நாள் காலையில் மூடியைத் திறந்தால், உள்ளே பொன் நிறத்தில் ஈரமாக ஒன்று உட்கார்ந்து இறக்கையை விரித்துக்கொண்டிருந்தது. அதே ஈ. வெட்டுக்கிளி முட்டையைத் தின்று வளர்ந்தது அதுதான். ஐயா கைதட்டினார். நான் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். என் மகள் அழகம்மாளைத் திருவாதவூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் வம்சத்தில் யாரும் சொந்தமாக ஒரு சால் உழுததில்லை, எல்லாரும் கூலிதான். மருமகன் மாயழகுதான் முதன்முதலாக இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்குப் பிடித்தான். விளைந்தால் நிலம் அடுத்த வருஷமும் அவனுக்கு, விளையாவிட்டால் வேறு ஆளுக்கு. இதுதான் பேச்சு. இதற்கெல்லாம் முந்தின புரட்டாசியில் அங்கே போயிருந்தபோது, வரப்பு நெடுக இந்தப் பொன் ஈ கூட்டமாக நின்று, வால் நுனியை மண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தது. ஒற்றின இடத்தைத் தோண்டினேன். வெட்டுக்கிளி முட்டை இருந்தது. எனக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது. உலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற சந்தோஷத்தில் இருந்தேன். “வெட்டுக்கிளியை விதைக்கிறது இந்த ஈதான்” என்று ஊருக்கே சொன்னேன். காலேஜில் வேலை பார்க்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். ஆணும் பெண்ணும் பனை மட்டையோடு வரப்பில் நின்று ஒன்பது நாள் அடித்தார்கள். நான் நடுவில் நின்று ‘இங்கே, இங்கே’ என்று காட்டினேன்.

ஆகவே மூன்றாவது இடத்துக்கு நான் போனது பட்டியலுக்காக இல்லை. ஆடி இரண்டாம் தேதி. ஒத்தக்கடை வரை ஆறு மைல் பஸ், ஒன்றரை அணா. அங்கிருந்து திருவாதவூர் ஏழு மைல் நடை. பாதி வழியில் ஒரு மாட்டு வண்டிக்காரர் சும்மாவே ஏற்றிக்கொண்டார். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மாயழகு கம்பு விதைத்து முடித்து, மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் வரப்பில் உட்கார்ந்து தோண்டினேன். பத்துக் கூடு. பத்திலும் முட்டை நிறைய இருந்தது. ஒரு புழு இல்லை.

“மாப்ள, நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த ஈ இந்த முட்டையைத் திங்கிற ஈ.”

அவன் ஒரு கூட்டைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தான். “நீங்கதான மாமா அடிக்கச் சொன்னீக?”

“நான்தான்.”

“மட்டையைப் பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கையெல்லாம் கொப்பளிச்சுப் போச்சு மாமா. எம்புட்டு அடிச்சோம்.”

செய்ய ஒரு வழிதான் உண்டு. மழை வருமுன் வரப்பைச் செதுக்கி, கூடுகளை வெயிலில் போட வேண்டும். ஆனால் மானாவாரி நிலத்தில் வரப்புதான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆடியில் வரப்பைச் செதுக்குகிறவன் கிறுக்கன். அவனும் அழகம்மாளும் நானும் எங்கள் வரப்பைச் செதுக்கினோம். பக்கத்து நிலத்துக்காரர்களைக் கேட்டபோது ஒருவர், “போன வருசம் ஈயை அடின்னீரு. இந்த வருசம் வரப்பை வெட்டுங்கிறீரு. வாற வருசம் கம்மாயை வித்துரச் சொல்வீரா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானாயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்தது. ஊரே வாசலில் நின்று கும்பிட்டது. நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். செதுக்கின வரப்பு கரைந்து எங்கள் தண்ணீர் கீழ் நிலத்துக்குப் போயிற்று. இருந்தாலும் கம்பு முளைத்தது. பதினோராம் நாள் சுற்று வரப்புகளிலிருந்து எறும்பைவிடச் சற்றுப் பெரிதாக, பச்சையும் பழுப்புமாக, வெட்டுக்கிளிக் குஞ்சுகள் குதித்துக்கொண்டு வந்தன. மட்டையால் அடித்தோம், சாம்பல் தூவினோம், வாய்க்கால் வெட்டிப் புகை போட்டோம். ஆறு நாளில் நிலம் உழுது போட்ட மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துக்காரர்களுக்கும் அதே கதி. ஆனால் அவர்களுக்கு நிலம் சொந்தம். இன்னொரு தடவை விதைத்தார்கள்.

ஆவணியில் நிலம் கைமாறிவிட்டது. மகளும் மருமகனும் ஒரு கங்காணியோடு மலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னது. மதுரை ஸ்டேஷனுக்குப் போனேன். மாயழகு மூட்டைகளை ஏற்றிவிட்டு, “வாரேன் மாமா” என்றான். அழகம்மாள்தான் ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

“அய்யா, இனிமே எதுனாச்சும் தெரிஞ்சா, ரெண்டு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலை குறைச்சுப் போடுங்கள் என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள்.

ஐயா பட்டியலை முடித்தார். வைகை மணல், மூன்று வகை. கப்பலூர் கரிசல், ஒரு வகை. திருவாதவூருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதப் போனார். அப்படி எழுதினால், அந்த மண் இந்த ஈக்கு ஒத்துவராது என்றுதானே படிக்கிறவர்கள் நினைப்பார்கள்? நான் பேனாவைக் கேட்டு வாங்கி, ‘இருந்தது, அடித்துக் கொன்றோம்’ என்று எழுதினேன். அவர் அதை அடிக்கவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வைகைக்கு எந்த மாதமும் போகலாம், வெயில் வேண்டும். கப்பலூருக்குக் காலை முதல் பஸ்ஸில் போங்கள், திரும்ப இரண்டரைக்கு உண்டு, அதுவும் கரி கிடைத்தால். காகிதத்தை முக்கோணமாக மடித்து, ஒன்றில் ஒரு பூச்சியை மட்டும் வையுங்கள். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். திருவாதவூருக்குப் புரட்டாசியில் போங்கள். ஊருக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையை ஒட்டி, கரைந்த வரப்புள்ள இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். இப்போது அதை உழுகிறவரை எனக்குத் தெரியாது. அந்த வரப்பில் பொன் ரோமத்தோடு ஒரே ஒரு ஈ நின்றாலும், வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்பதை அவருக்குச் சொல்லிவிட்டு, பிடிக்காமல் வந்துவிடுங்கள்.