பூநகரி என்று ஒரு வைஃபை

நான் செய்த வேலைக்காக இன்னொருவரைப் பொலிஸ் கொண்டுபோனது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைக் கொண்டுபோயிருப்பார்கள். நான் சொல்லவில்லை. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் எங்கள் வீட்டு மேல்மாடியை ஓர் இளம் தம்பதிக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். இருவரும் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கணவர் கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மனைவி பிள்ளைத்தாய்ச்சி. இரண்டு குடும்பத்திலும் மேசைக்கு முன் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். இது போனால் மறுபடியும் தோட்டத்து லயத்து அறைதான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

நான் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளன். கம்பியூட்டரில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தேன். யாரும் காட்டித் தரவில்லை. வாசித்து நானே போட்டேன். டெலிபோன்காரர் இன்டர்நெட்டுக்கான ரவுட்டரை முன் ஹோலில் பொருத்திவிட்டுப் போனார்கள். என் கம்பியூட்டர் பின்னறையில் இருந்தது. ஒரு வயரை இழுத்துவிட்டால் முடிந்தது என்றாள் என் மனைவி. எனக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. வைஃபை கார்ட் ஒன்றை வாங்கிச் செருகினேன். கார்ட் இருப்பது லினக்ஸுக்குத் தெரிந்தது, ஆனால் அதை இயக்கத் தெரியவில்லை. கார்டைச் செய்தவர்கள், அதை இயக்கும் டிரைவர் புரோகிராமை விண்டோசுக்கு மட்டும்தான் எழுதியிருந்தார்கள். கார்டோடு வந்த சீடியிலிருந்து அந்த டிரைவரைப் பிரித்தெடுத்தேன். விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓடவைப்பதற்கென்றே ஒரு சின்னப் புரோகிராம் உண்டு. அதற்குள் அதை வைத்தேன். பல நாள் மல்லுக்கட்டு. கார்டின் பச்சை லைட் எரிந்தபோது, புதிய வாய்க்காலில் முதல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த சந்தோசம் எனக்கு.

“இவ்வளவு நேரத்தில யாழ்ப்பாணம் வரைக்கும் வயர் இழுத்திருப்பியள்,” என்றாள் மனைவி.

வைஃபை இணைப்புக்கு ரவுட்டர் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பாஸ்வேர்ட் நீளமாக வைத்தேன். அதை யாராலும் உடைக்க முடியாது, இன்றைக்கும் சொல்வேன். பெயர் என்ற இடத்தில் யோசிக்காமல் பூநகரி என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். நான் பிறந்த ஊர். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு ஊர்ப் பெயர் வைப்பார்கள். என் கேற்றிலும் அந்தப் பெயர்ப்பலகை இருந்தது. தமிழர் வீடுகளை எரித்த கலவர வருடத்தில் அதை நானே கழற்றி விறகோடு போட்டுவிட்டு, இலக்கத்தை மட்டும் எழுதினேன். வைஃபையின் பெயர் வீட்டுக்குள் இருக்கும் விஷயம் என்று நினைத்துவிட்டேன். அந்த ஒழுங்கையில் அன்று வேறு யாரிடமும் வைஃபை இல்லை. தேடிப் பார்த்தால் திரையில் என்னுடையது மட்டும்தான் வரும்.

மேல்மாடிக்காரருக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அது என்ன பெயர் என்று கேட்டார். என் ஊர் என்றேன். உப்புவெளி, கடல் என்று அரை மணி நேரம் கதைத்திருப்பேன். பொறுமையாகக் கேட்டார்.

பிறகு சண்டை வடக்கே நகர்ந்தது. புலிகளின் கையில் இருந்த பூநகரியின் பெயர் நாளும் பொழுதும் ரேடியோவில் வந்தது. அப்போதாவது மாற்றியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த நாட்களில் முன்வீட்டில் ஒரு லப்டொப் வாங்கினார்கள். திறந்தவுடன் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது. பயந்துபோய்ப் பொலிசுக்குச் சொன்னார்கள். பஸ்ஸில் குண்டு வைக்கிற காலம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பொலிஸ் சார்ஜன் ஒருவர், கையில் லப்டொப் பிடித்த ஆள் ஒருவரோடு, ஒழுங்கையில் நடந்து வந்தார். சிக்னல் எங்கள் கேற்றடியில்தான் முழுதாக வந்தது. இதைப் போட்டது யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் நல்ல சிங்களம் பேசுவேன். “மேலே இருக்கிறவர் கம்பியூட்டர் தெரிந்தவர்,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவரைக் கூப்பிட்டார்கள். படியிறங்கி வந்து என்னை ஒருதரம் பார்த்தார். நான்தான் போட்டேன் என்று சார்ஜனிடம் சொன்னார். அவருடைய மனைவி படியில் கைபிடியைப் பிடித்தபடி நின்றாள். என் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரை ஏற்றிய பொலிஸ் ஜீப் போனதும் நான் முதலில் செய்தது வைஃபையின் பெயரை மாற்றியதுதான்.

சில நாட்களில் அவரை விட்டுவிட்டார்கள். அதற்குள் கம்பனி வேறொருவரை எடுத்துவிட்டது. அவர்கள் சாமான்களை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பன்விலவுக்குப் போனார்கள். என் மனைவிதான் அன்று வாய் திறந்தாள். “நீங்கள் போய்ச் சொல்லப்போறியளோ, நான் போய்ச் சொல்லட்டோ?”

அடுத்த நாள் பொலிசுக்குப் போய், அது என் ஊர், என் வேலை என்று சொன்னேன். பொழுதுபடும்வரை இருத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். நரைத்த தலையையும் பென்சன் கார்டையும் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பிறகு கம்பனி மனேஜரிடம் போனேன். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார், நான் சொன்னதை நம்பினார். ஆனால் பொலிஸ் தேடி வந்த ஆளைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்.

அதன் பிறகு பன்விலவுக்குப் போனேன். லயத்து வாசலில் அந்த இளைஞர் எனக்கு ஸ்டூல் போட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

“என் ஐடியில பொறந்த எடம் பன்வில, சேர். உங்க ஐடியில பூநகரி. உங்கள கொண்டு போயிருந்தா லேசில விட்டிருக்க மாட்டாங்க,” என்றார். நான் எதிர்பாராத பதில். படியில் நின்று அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வையில் இதையெல்லாம் யோசித்து முடித்திருக்கிறார்.

அவருடைய மனைவி அந்தப் பெருந்தன்மைக்கு மசியவில்லை. “எங்ககிட்ட சொல்லி என்னங்க? புலிக்கு வேல செஞ்சி மாட்டிக்கிட்டாருன்னு இங்க பேசுறாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க.”

வேலை விட்டு வந்த சனம் வாசல்களில் நின்றது. எழுந்து நின்று சொன்னேன். வைஃபை என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். ரேடியோவை வைத்து விளக்கினேன். விளக்குவதில் நான் கெட்டிக்காரன், எல்லோருக்கும் விளங்கியது.

“அப்ப பேரு வச்சது நீங்க. உள்ள போனது அவரு,” என்றார் ஒரு பெரியவர்.

“ஓம்,” என்றேன்.

யாரும் ஏசவில்லை. அவருடைய மனைவி உள்ளே போனாள். அவர் என்னை பஸ் வரைக்கும் கூட்டிவந்து, ஏற்றிவிட்டுப் போனார். மேல்மாடிக்குத் திரும்பி வாருங்கள், வாடகை வேண்டாம் என்றதற்கு, அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்றார். நாவலப்பிட்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருமுறை அங்கே போனேன். மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினேன். எழுந்து வந்து பேசினார். பிள்ளையைப் பற்றிக் கேட்டேன், மகள் என்றார். பார்க்க வரலாமா என்று நான் கேட்கவில்லை. வாருங்கள் என்று அவரும் சொல்லவில்லை.