கிணற்றுத் தண்ணீரும் கிச்சாப் பீப்பாயும்

1. உத்தரவு

ஜப்பான்காரன் காலத்தில் கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு அட்டெண்டன்ட் வேலை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். டியூப் கழுவுவது, கிருமி வளர்க்கும் ரசம் காய்ச்சுவது, தண்ணீர் சாம்பிள் எடுத்து வருவது, இவ்வளவுதான் என் வேலை. சோதித்து ரிப்போர்ட் எழுதுபவர் சீனியர் அசிஸ்டென்ட் தம்பையா. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்த மேஜைக்குச் சொந்தக்காரர்.

ஒரு திங்கட்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட லைன் கிணறு சரிவராது. மலக்கிருமி இருக்கு. வெள்ளிக்கிழமை மண் போட்டு மூடச் சொல்லி டாக்டர் எழுதிப்போட்டார்."

டாக்டர் என்றால் சுகாதாரத்துக்குப் பொறுப்பான ஜப்பானியர். அவர் எழுதினால் எழுதியதுதான். நான் குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலி லைன், வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகள். பைப்பில் தண்ணீர் நின்று மாதக்கணக்காகியிருந்தது. கிணறும் போனால் ஆற்றுத் தண்ணீர்தான் கதி. கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்றால் விறகுக்கும் பஞ்சம். ஆற்றுத் தண்ணீர் குடித்து வயிற்றுக்கடுப்போடு வந்தவர்களை வார்டில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

சாயந்தரம் லைனுக்குப் போனால் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு லெட்சுமி அக்கா கிணற்றடியில் நின்றார்.

"வாங்க டாக்டரு. குடிச்ச கெணத்தயே காட்டிக் குடுத்துட்டு வரீங்களா?"

"நான் தண்ணிதான்க்கா கொண்டு போனேன்."

"இத்தன வருஷமா குடிக்கிறோம், ஒருத்தனுக்கும் வயித்தால போகல. ஒன் டியூப்புக்கு மட்டும் எப்படிடா போச்சு?"

எனக்குள் வேறு பயம் இருந்தது. டியூப்பை நான் சரியாகக் கழுவவில்லையோ?

2. நூல் இழுத்த கிருமி

எங்கள் சோதனை இதுதான். பால்சர்க்கரை கலந்த ரசத்தில் சாம்பிளை விட்டு, உள்ளே ஒரு குட்டி டியூப்பைக் கவிழ்த்து, சூட்டுப்பெட்டியில் வைப்போம். மலக்கிருமி இருந்தால் குட்டி டியூப்பில் கேஸ் சேரும். பிறகு இன்னொரு ரசத்தில் வளர்த்து மருந்து விட்டால் மேலே சிவப்பு ரிங் தெரியும். எங்கள் கிணற்றுக்கு இரண்டுமே வந்திருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை, கிருமி வளர்த்து முடித்து, ஆவியில் வேகவைக்கவிருந்த பழைய அகார் தட்டுகளிலிருந்து கிணற்றுத் தட்டை மட்டும் எடுத்துத் திறந்தேன். என் கழுவலில் குறை இருக்கிறதா என்று பார்க்கத்தான். கம்பியால் கிருமியைத் தொட்டால் சளி மாதிரி நூல் இழுத்தது. வார்டிலிருந்து வரும் மலக்கிருமித் தட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவை இப்படி இழுத்ததில்லை.

"சார், இது வழவழன்னு வருது சார்."

"உனக்கென்ன விசரோ? கேஸ் வந்தது, ரிங் வந்தது. இன்னும் என்ன வேணும்?"

"ஒரு தடவ பாருங்க சார்."

வாங்கிப் பார்த்தார். கம்பியால் தானும் இழுத்துப் பார்த்தார்.

"மலக்கிருமிக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் ஐசே. மண், மரம், இலைதழை எல்லாத்திலயும் இருப்பான். அதுல ஒருத்தன் சிவப்பு ரிங்கும் காட்டுவான். என்னை ஏமாத்திப்போட்டான் போல. சிட்ரேட்டில போட்டுப் பாப்பம்."

சிட்ரேட் என்பது ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பத்திரியில் வைத்திருந்த உப்பு. அதை மட்டும் சாப்பாடாக வைத்தால் மலக்கிருமி பட்டினி கிடக்கும், டியூப் தெளிவாகவே நிற்கும். மண்கிருமி அதையும் தின்று பெருகும், டியூப் கலங்கும். ஆனால் டியூப்பில் பழைய ரசத்தின் பிசுக்கு துளி ஒட்டியிருந்தாலும் அதைத் தின்று எந்தக் கிருமியும் கலக்கிவிடும்.

"உன்ர கழுவல்லதான் எல்லாம் இருக்கு," என்றார்.

அமிலத்தில் ஊறவைத்தேன். வடித்த நீரில் அலசினேன், மறுபடி அலசினேன், சந்தேகம் வந்து மறுபடியும் அலசினேன்.

"காணும் ஐசே, விடு. கண்ணாடி கரைஞ்சு போகும்."

3. பொது வாளி

கிருமியை டியூப்பில் விடும்போது தம்பையா கேட்டார்: "மண்கிருமி எண்டா எங்கயிருந்து வந்தது? சாம்பிளை எப்பிடி எடுத்தனி?"

அப்போதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது. எங்கள் லைனில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் சொந்தப் பாத்திரத்தைக் கிணற்றில் விடக்கூடாது. பொது வாளி ஒன்றுதான் இறங்கும். தகர வாளி துருப்பிடித்துப் போனதால், கிச்சாப், அதாவது சோயா சாறு, வந்த மரப் பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கயிறு கட்டியிருந்தோம். எந்நேரமும் ஈரம். கல்லைக் கட்டிப் பாட்டிலையே இறக்கித்தான் சாம்பிள் எடுக்க வேண்டும். நான் லைன்காரன், கட்டுப்பாட்டை மீறக் கூசிப்போய் வாளியில் இறைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் பாட்டில், கல், கயிறு மூன்றையும் ஆவியில் வேகவைத்து எடுத்துப் போனேன். லெட்சுமி அக்கா வாளியை மறைத்து நின்றார்.

"வெளிப் பாத்திரம் எறங்கக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் கத்துனவன் நீதானே?"

"அக்கா, இந்தப் பாட்டிலு நம்ம வாளிய விடச் சுத்தம்க்கா."

"வாளிக்கு என்னடா கொறச்சல்?"

உள்பக்கம் விரலால் வழித்துக் காட்டினேன். பசை மாதிரி வந்தது. அக்கா முகத்தைச் சுளித்தார்.

"எறக்கித் தொல."

வாளியிலிருந்து வழித்ததையும் தனிப் பாட்டிலில் கொண்டு போனேன்.

4. வெள்ளிக்கிழமை

காலையில் சூட்டுப்பெட்டியைத் திறந்தோம். சிட்ரேட்டில், ஒப்பிட்டுப் பார்க்க விட்டிருந்த வார்டு மலக்கிருமி தெளிவு. எதுவும் விடாமல் வைத்த டியூப்பும் தெளிவு. கிணற்றுக் கிருமி மட்டும் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. புது சாம்பிளில் ஒரு டியூப்பிலும் கேஸ் இல்லை. வாளி வழித்ததில் எல்லாவற்றிலும் கேஸ், நூல் இழுக்கும் அதே கிருமி.

தம்பையா தன் பழைய ரிப்போர்ட்டைத் தானே குறுக்கே கோடிட்டு அடித்தார். டியூப் ஸ்டாண்டை என் கையில் கொடுத்தார்.

"நீ கொண்டு வா. நான் கதைக்கிறன்."

டாக்டர் ஒவ்வொரு டியூப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்.

"பெரிகி போலே. பால்டி புவாங்."

கிணறு இருக்கட்டும், வாளியை எறி. அவ்வளவுதான் தீர்ப்பு. அதையே ஒரு சீட்டில் எழுதியும் தந்தார். தம்பையா என் தோளில் கை வைத்தார். அவர் யார் தோளிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

நான் லைனுக்கு ஓடினேன். மண் ஏற்றிய லோரி வந்து நின்றிருந்தது. டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டியதும் மண்ணோடு திரும்பிப் போயிற்று. பீப்பாய் வாளியை லெட்சுமி அக்காவே கோடரியால் பிளந்தார். பெட்ரோல் டின் ஒன்றைத் தேய்த்துக் கழுவிப் புது வாளியாக்கினோம். முதல் தண்ணீரை அக்கா எனக்குத்தான் நீட்டினார்.

"மொதல்ல நீ குடி. அப்புறம் நாங்க குடிக்கிறோம்."

லைனே பார்க்க, ஒரு செம்பு முழுக்கக் குடித்தேன். சண்டை ஓயும்வரை அந்தக் கிணறு எங்களைக் காப்பாற்றியது.

அந்தக் கிருமியை இன்றைக்கு க்ளெப்சியெல்லா ஆக்ஸிடோக்கா என்கிறார்கள். குடிக்கிறவனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, புண்ணிலோ மூத்திரப்பையிலோ புகுந்தால் லேசில் விடாது என்று தம்பையா அன்றே சொன்னார். பின்னாளில் படித்தவர்கள் சொல்லக் கேட்டேன்: பயிர் வேரடியில் இருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற ரகமும் உண்டாம். மலாயா ரப்பர் கிடைக்காத அந்தச் சண்டைக் காலத்தில், இதன் இனத்துக் கிருமிகளை வைத்துச் சர்க்கரையிலிருந்து செயற்கை ரப்பருக்குச் சரக்கு எடுக்க வெளிநாட்டில் முயன்றார்களாம். ரப்பர் மரத்துக்கு நடுவில் இருந்துகொண்டு நாங்கள் அதே இனத்தை வாளியில் வளர்த்திருக்கிறோம்.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரிப்போர்ட்டில் 'கிணறு' என்று எழுதுமுன், பாட்டிலுக்குள் வந்திருப்பது கிணறுதானா என்று பாருங்கள்.